நைனாவின் மஞ்சள் பனியன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நைனா போன் செய்தார். அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டால் ஒன்று ஊரில் யாராவது தவறியிருக்க வேண்டும், இல்லையென்றால் மோட்டார் காயில் போயிருக்க வேண்டும். இரண்டும் இல்லை. "ஏம்மா, புது போர்ல தண்ணி மஞ்சளா வருது. பனியன்லாம் பழுத்துப்போச்சு. ராணிப்பேட்டை விஷம் இங்கயும் வந்துட்ச்சா இன்னா?"

எங்கள் ஊர் ஆற்காட்டிலிருந்து திமிரி போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. நான் இருப்பது காட்பாடியில், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். வீட்டில் மகள் வேதியியல் டீச்சர் என்றால், அவள் பூச்சி மருந்து டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்து பாட்டியின் பல் பொடி வரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் இந்தக் கேள்வி வேறு மாதிரி. எங்கள் பக்கத்தில் மஞ்சள் தண்ணி என்றால் இரண்டு அர்த்தம். திருவிழாவில் மாமன் மகன் மேல் ஊற்றினால் சந்தோஷம். கிணற்றில் வந்தால் வயிற்றில் புளி கரைக்கும்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "நைனா, பக்கெட்ல புடிக்கறப்பவே மஞ்சளா கீதா, இல்ல வச்சப்புறம் ஆவுதா?"

"புடிக்கறப்ப கண்ணாடி மாதிரி கீது. டீ குடிச்சிட்டு வந்து பாத்தா மஞ்சள்."

எனக்குப் பாதி உயிர் திரும்பியது. மீதிப் பாதிக்காக பஸ் ஏறினேன்.

போகிற வழியில் திருவலம் வரும். பொன்னையாற்றின் மேல் நிற்கிற அந்த இரும்புப் பாலத்தைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். பெயின்ட் உரிந்த இடத்திலெல்லாம் துரு. அந்தத் துருவும் எங்கள் கொல்லை (மேட்டு நிலம்) மண்ணின் சிவப்பும் ஒரே குடும்பம் என்று தெரிய எனக்குக் கல்லூரி வரை ஆனது. தெரிந்த பிறகு அந்தப் பாலத்தைச் சும்மா பார்க்க முடிவதில்லை.

வீட்டுக்குப் போனதும் வெள்ளைப் பெயின்ட் டப்பா ஒன்றைக் கழுவி, மோட்டார் போட்டு, கால் மணி நேரம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடித்தேன். பிடித்த நேரத்தில் டப்பாவின் அடியில் இருந்த கம்பெனி முத்திரை எழுத்து தெளிவாகத் தெரிந்தது. வாயில் ஒரு சொட்டு வைத்தால் ஆணியை நக்கினது போல ருசி. பத்து நிமிடத்தில் தண்ணீர் லேசாக மங்கியது, பால் இரண்டு சொட்டு விட்ட மாதிரி. அரை மணியில் வெளிர் மஞ்சள். ஒரு மணி நேரம் கழித்து எழுத்து மறைந்துவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மேலே தண்ணீர் மறுபடி தெளிந்திருந்தது. அடியில் விரலால் தொட்டால் வழவழவென்று காவி நிறச் சேறு, பூனைக்குட்டி மயிரைப் போல மெத்தென்று.

பழைய ஜிஐ பைப் துருப் பிடித்து வந்தால் இப்படி இருக்காது. மோட்டார் போட்ட உடனே செதில் செதிலாக வரும், ஓட ஓடக் குறையும். இது அப்படியில்லை. பாறை இடுக்கில், காற்றுப் படாத ஆழத்தில் இரும்பு தண்ணீரில் கரைந்து கிடக்கிறது. கரைந்த இரும்புக்கு நிறம் தெரியாது. மேலே வந்து காற்றைப் பார்த்ததும் ஆக்சிஜன் ஏறித் துருவாகிறது. துரு தண்ணீரில் கரையாது. அதனால் திரிந்து, திரண்டு, கீழே உட்கார்கிறது. நைனாவின் பனியனுக்குள் திரண்டு உட்கார்ந்தது இதுதான்.

ராணிப்பேட்டை மஞ்சள் இப்படிப் பண்ணாது. அது குரோமேட், அங்கே மூடிய ஆலை ஒன்றின் கழிவிலிருந்து இறங்குகிற விஷக் குரோமிய உப்பு. பிடிக்கும்போதே மஞ்சள், மறுநாளும் அதே மஞ்சள், தெளிவு கொஞ்சமும் குறையாது, அடியில் ஒன்றும் தங்காது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. கரைந்த இரும்பும் குரோமேட்டும் ஒரே குடத்தில் குடித்தனம் பண்ணாது. இரும்பு தன்னிடமிருக்கும் எலக்ட்ரானைக் குரோமேட்டுக்குக் கொடுத்துவிடும். மூன்று இரும்பு அணு சேர்ந்தால் ஒரு குரோமியம் அணுவை அடக்கிவிடலாம். அடங்கிய குரோமியம் மஞ்சள் போய், கரையும் தன்மை போய், அந்தத் துருவோடேயே கீழே இறங்கிவிடும். குரோமேட் தண்ணீரைச் சுத்தம் பண்ண ஆலைகளில் இரும்பு சல்ஃபேட்டும் போடுவார்கள். உரக்கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்களே, அதே உப்பு. அதனால் தண்ணீரில் இவ்வளவு இரும்பு வருகிறதென்றால் குரோமேட் இருக்க இடமில்லை என்று நைனாவிடம் சொன்னேன்.

அவர் சேற்றை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "அப்ப இது நல்லதா, கெட்டதா?" என்றார். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் இந்த மாதிரி ஒரு கேள்வி வந்து எத்தனை வருடம் ஆயிற்று. அன்றைக்கு அவரிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் கொல்லையில் கால் வைத்தால் பாதம் சிவக்கும். வெள்ளிக்கிழமை கோலத்துக்குச் சுற்றிலும் இடுகிற செம்மண் கரை அங்கிருந்துதான் வரும். அந்தச் சிவப்பு ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு. மஞ்சள் காவியாகத் தெரிகிற மண்ணில் இருப்பது கோதைட். ஜெர்மன் கவிஞர் கேத்தேவுக்குக் கல் சேர்க்கிற பைத்தியம் இருந்தது, அவர் பெயரை 1806-ல் இதற்கு வைத்தார்கள். கோதைட்டைச் சுட்டால் அதிலிருக்கும் நீர் போய் ஹெமடைட் ஆகிவிடும். மஞ்சளாக வைத்த பச்சைக் கல் சூளையிலிருந்து சிவப்புச் செங்கலாக வருவதன் ரகசியம் இதுதான். நைனாவின் டப்பாவில் இறங்கியது இந்த இரண்டும் இல்லை. அது பிறந்த குழந்தை. பெயர் ஃபெர்ரிஹைட்ரைட். ஒழுங்கான படிகமாக அடுக்கிக்கொள்ள நேரம் இல்லாத, மகா நுண்ணிய துகள். காலம் போகப் போக அது கோதைட்டாகவோ ஹெமடைட்டாகவோ முதிரும்.

நுண்ணியது என்றால் எவ்வளவு? ஒரு கிராம் புதுத் துருவின் துகள்களை எல்லாம் உரித்து விரித்தால் பரப்பளவு 200 சதுர மீட்டருக்கு மேல் போகும். ரியல் எஸ்டேட் கணக்கில் சொல்கிறேன்: ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். ஒரு சிட்டிகைத் துருவில் ஒரு மனை! சத்துவாச்சாரியில் இன்றைக்கு ஒரு கிரவுண்ட் என்ன விலை என்று யோசித்துவிட்டு மறுபடி அந்தச் சேற்றைப் பார்த்தேன், மரியாதை கூடிவிட்டது.

இந்தப் பரப்பு காலி மனை இல்லை. துகளின் மேல்தோல் முழுக்க ஆக்சிஜனும் அதன் தலையில் ஒரு ஹைட்ரஜனும் ஜோடி ஜோடியாக நின்றுகொண்டிருக்கும். மண் புளிப்பாக இருந்தால் ஒவ்வொரு ஜோடியும் இன்னொரு ஹைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், மேல்தோல் நேர் மின்னூட்டம் ஆகிவிடும். மண் காரமாக இருந்தால் இருக்கிற ஹைட்ரஜனையும் விட்டுவிடும், எதிர் மின்னூட்டம். சுத்தமான துருவுக்கு பிஹெச் (புளிப்பையும் காரத்தையும் அளக்கிற எண்) 8-ஐ ஒட்டி இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் நிற்கும். ஆக ஒரே துரு, மண்ணின் புளிப்பைப் பொறுத்து ஆளை மாற்றி மாற்றிப் பிடிக்கும். புளிப்பு மண்ணில் பாஸ்பேட், ஆர்சனேட், குரோமேட் மாதிரி எதிர் மின்னூட்டக்காரர்களை. காரம் ஏற ஏற ஈயம், செம்பு, துத்தநாகத்தை.

பிடிப்பிலும் தரம் உண்டு. காலை எட்டு மணி ஆற்காடு டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பாஸ்பேட் ஏறினால் அங்கே நிற்கிற ஜோடியை எழுப்பிவிட்டு நேராக இரும்பின் பக்கத்து சீட்டில், சமயத்தில் இரண்டு சீட்டைப் பிடித்து உட்கார்ந்துவிடும். ஆர்சனேட்டும் அப்படியே. நைட்ரேட்டும் குளோரைடும் படிக்கட்டில் தொங்குகிற கோஷ்டி. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடிவிடும். குரோமேட் நடுவாந்திரம். உட்காரும், ஆனால் பாஸ்பேட் வந்து முறைத்தால் எழுந்துவிடும்.

நைனாவுக்கு இந்தச் சேதி வேறு பெயரில் முன்பே தெரியும். "மல்லாட்டைக்கு எவ்ளோ சூப்பர் போட்டாலும் மண்ணு தின்னுடுது" என்பார். (வேர்க்கடலை என்று எழுதினால் எங்கள் ஊரில் என்னைச் சேர்க்க மாட்டார்கள்.) சூப்பர் பாஸ்பேட்டில் போட்ட மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) நூற்றுக்கு 15, 20 பங்குதான் அந்தப் போக பயிருக்குக் கிடைக்கும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. மீதியைச் செம்மண்ணில் துருவும், சுண்ணாம்பு மண்ணில் சுண்ணாம்பும் பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் வேளாண் துறையில் சூப்பரைத் தொழு உரத்தோடு கலந்து ஊறவைத்து ஊட்டமேற்றிப் போடச் சொல்கிறார்கள். எருவிலிருந்து வருகிற அங்கக அமிலங்கள் முன்னாடியே போய் சீட்டில் துண்டு போட்டுவிடும், பாஸ்பேட்டுக்குக் கொஞ்சம் நடமாட்டம் மிஞ்சும். நைனா பத்து வருடமாக எருவில் கலந்துதான் போடுகிறார். காரணம் கேட்டால், "சூடு கொறையும்" என்பார். சரி, இருக்கட்டும்.

இவ்வளவு இரும்பு இருந்தும் ஏரிக்கரைப் பக்கத்துச் சுண்ணாம்புத் துண்டில் மல்லாட்டை இலை வெளிறிப் போகும். நரம்பு மட்டும் பச்சை. கார மண்ணில் துரு ஒரு துளி இரும்பைக்கூடக் கரைத்துத் தராது. மண் முழுக்க இரும்பை வைத்துக்கொண்டு கடையில் அன்னபேதி வாங்கி இலையில் அடிக்கிறோம். அரிசி மூட்டையில் சாய்ந்தபடி பட்டினி கிடக்கிற கதை.

இப்போது என் கதை. 2002-ல் எம்.எஸ்சி. கடைசி வருடம். ப்ராஜெக்டுக்கு மூன்று பியூரெட்டில் (அடியில் திருகு வைத்த நீளக் கண்ணாடிக் குழாய்) மூன்று மண் அடைத்தேன். ஒன்றில் பாலாற்று மணல், நன்றாகக் கழுவியது. இரண்டாவதில் கொல்லைச் செம்மண், அடைத்துக்கொள்ளாமல் இருக்க மணல் கலந்தது. மூன்றாவதில் எங்கள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்தடியிலிருந்து வெட்டியெடுத்த கறுத்த மண். மூன்றின் தலையிலும் பொட்டாசியம் குரோமேட் கரைசல், எலுமிச்சம்பழ மஞ்சளில். கீழே சொட்டுகிற தண்ணீரில் கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலமும் டைஃபீனைல்கார்பசைடும் விடுவேன். குரோமேட் துளி இருந்தாலும் அது நாவல்பழச் சாறு மாதிரி சிவந்து ஊதாவாகிவிடும்.

மணல் ஒன்றையும் பிடிக்கவில்லை. ஊற்றிய மஞ்சள் அப்படியே கீழே வந்தது. செம்மண் முதல் நாள் முழுக்கத் தெளிந்த தண்ணீரைக் கொடுத்தது. சோதனைக் குழாயில் நிறமே இல்லை. மறுநாள் சாயங்காலம் மெல்ல ரோஜா நிறம் தலைகாட்டியது, சீட்டு நிரம்பிவிட்டது. கறுத்த மண்ணில் கரைசலை ஊற்றி ஒரு வாரம் அப்படியே நிறுத்தி வைத்திருந்தேன், அதில் கடைசி வரை ஒன்றும் வரவில்லை. நான் நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: மூன்றாவது மண்ணே அதிகம் பிடிக்கிறது, இரும்பு அதிகம் போலும்.

எங்கள் கைடு அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பிடிச்சுதாம்மா, மாத்துச்சாம்மா?" அவ்வளவுதான், டீ குடிக்கப் போய்விட்டார். அந்த ஒரு வரிக்காக அவரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடலாம்.

பிடித்ததையும் மாற்றியதையும் பிரிக்க வழி, திருப்பிக் கேட்பது. பாஸ்பேட் கரைசலை மேலே ஊற்றினேன். செம்மண்ணிலிருந்து பிடித்து வைத்திருந்த குரோமேட்டில் பெரும்பகுதி திரும்பி வந்தது, சோதனைக் குழாய்கள் வரிசையாக ஊதா. கறுத்த மண்ணிலிருந்து வந்தது ஏதோ கொஞ்சம். அதிலிருந்த சாணமும் மக்கிய இலையும் குரோமேட்டை வேறு குரோமியமாகவே மாற்றிவிட்டிருந்தன. இன்னொரு செம்மண் பியூரெட்டில் பாஸ்பேட்டுக்குப் பதில் சலவை சோடா கரைத்து விட்டேன். அதை மறக்க முடியாது. பிஹெச் ஏறியதும், இத்தனை நாள் வாயைத் திறக்காத மண், மஞ்சளை மடமடவென்று கக்கியது. டைஃபீனைல்கார்பசைடு தேவைப்படவில்லை, கண்ணாலேயே தெரிந்தது.

ஆயாவுக்கு ஒரு ஜோடிக் கல் வைத்த கம்மல் இருந்தது. ஆடியில் மல்லாட்டை விதை வாங்க அது அடகுக் கடைக்குப் போகும், கார்த்திகையில் திரும்பி வரும். கடையில் இருக்கிற நாளில் அது எங்களுடையது இல்லை, ஆனால் காணாமலும் போகவில்லை. ரசீதும் வட்டியும் கொண்டு போனால் அதே கம்மல், அதே கல். ஒரு வருடம் மழை பொய்த்தது. கெடு தாண்டி ஏலத்துக்குப் போய் உருக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் எத்தனை பணம் கொண்டுபோனாலும் அந்தக் கம்மல் இல்லை. கைடு கேட்டது இதைத்தான். செம்மண் அடகு பிடித்தது, சாண மண் உருக்கிவிட்டது. "மண் வடிகட்டிவிடும்" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே அந்த ரசீது ஞாபகம் வரும்.

ராணிப்பேட்டைக்கு வருவோம். அங்கே ஒரு குரோமேட் ஆலை ஓடி, 1995-ல் மூடப்பட்டது. அது விட்டுப்போன கழிவு 1.5 லட்சம் டன்னுக்கு மேல் திறந்த வெளியில் மலையாகக் கிடந்தது. குரோமைட் தாதுவைச் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து வறுத்துத்தான் குரோமேட் எடுப்பார்கள். தாதுவிலேயே குரோமியத்தோடு இரும்பும் குடித்தனம். அதனால் கழிவுக் குவியலில் இரும்பு ஆக்சைடு மூட்டை மூட்டையாக இருக்கும். அப்புறம் ஏன் அது குரோமேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை? என் பியூரெட்டில் சலவை சோடா விட்டபோது நடந்ததுதான். கழிவு முழுக்கச் சோடாவும் சுண்ணாம்பும், பிஹெச் உச்சியில். துருவின் மேல்தோல் முழுக்க எதிர் மின்னூட்டம், குரோமேட்டும் எதிர். கிட்டேயே சேர்க்காது. மழை பெய்யப் பெய்ய மஞ்சள் கரைந்து நிலத்தடிக்கு இறங்கியது. குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிற தண்ணீர் அந்த அளவை எப்போதோ தாண்டியிருக்கும்.

ஊரில் இதையும் தோல் ஷாப்புக் கழிவையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். தோல் பதனிடப் போடுவது மூன்று மின்னூட்டக் குரோமியம், நிறம் நீலப்பச்சை. வெட் ப்ளூ தோல் ஏற்றிய லாரி பின்னால் பைக்கில் போனவர்களுக்கு அந்த நிறமும் நாற்றமும் தெரியும். ஆவாரம் பட்டையில் பதனிட்ட காலத்துக்கு அப்புறம் வந்த நிறம் அது. இந்தக் குரோமியம் மண்ணில் விழுந்தால் கீழே ஓடாது. துருவோடும் களியோடும் ஒட்டி மேல் மண்ணிலேயே உட்கார்ந்துவிடும். மண்ணில் கறுப்புப் பொட்டாகத் தெரிகிற மாங்கனீசு ஆக்சைடு கையில் மாட்டினால் மட்டும் அதில் கொஞ்சம் மஞ்சளாக மாறக்கூடும். அந்த ஒரு பயம் உண்டு. மற்றபடி பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்ததில் முதல் குற்றவாளி, என் கணக்கில், குரோமியம் இல்லை, உப்பு. தோல் அழுகாமல் இருக்கப் போடுகிற சாதாரணச் சோற்று உப்பு. குளோரைடு படிக்கட்டுப் பயணி என்று சொன்னேனே, எந்தத் துருவும் அதை நிறுத்தாது. தோல் ஷாப்புக் கழிவுக்காக வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் கொடுத்த தீர்ப்பை இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் நடத்துகிறார்கள். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பதை நம் நாட்டுச் சட்டமாக்கிய தீர்ப்பு. தீர்ப்பு வந்தும் தென்னந்தோப்புத் தண்ணீரின் கரிப்பு போகவில்லை.

துரு அடகைத் திருப்பிக் கொடுக்கிற இன்னொரு இடம் நெல் கழனி. இதை நீங்களே பார்க்கலாம். சேடை ஓட்டி, தண்ணீர் கட்டி, இரண்டு மூன்று வாரம் ஆன கழனியின் மூலையில் தண்ணீரின் மேல் டீசல் சிந்தின மாதிரி வானவில் ஆடை மிதக்கும். நைனா முதலில் டிராக்டர்காரரைத் திட்டுவார். ஒரு குச்சியால் குத்துங்கள். டீசலாக இருந்தால் விலகி மறுபடி கூடும். இது கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து துண்டு துண்டாக நிற்கும். அது இரும்பின் ஆடை. சேற்றுக்குள் காற்றுத் தீர்ந்ததும், அங்கிருக்கிற பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரேட்டை, அப்புறம் மாங்கனீசை, அப்புறம் துருவைச் சுவாசிக்கத் தொடங்குகின்றன. சுவாசித்த துரு கரைந்த இரும்பாகிறது. கடையே கரைந்தால் அடகு நகை என்ன ஆகும்? பிடித்து வைத்திருந்த பாஸ்பேட் எல்லாம் தண்ணீரில் இறங்கும். கொல்லையில் மணிச்சத்துக்கு ஏங்குகிற அதே மண், கழனியாகித் தண்ணீர் நின்றால் நெல்லுக்குத் தாராளமாகக் கொடுப்பது இதனால்தான்.

அங்கேயே ஒரு நெல் தூரைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். வேர் நுனி வெள்ளை, அதற்கு மேல் செங்காவி பூசின மாதிரி இருக்கும். நெல் தன் தண்டு வழியாகக் காற்றை வேருக்கு இறக்கும். வேரிலிருந்து கசிகிற ஆக்சிஜன் பட்டுக் கரைந்த இரும்பு மறுபடி துருவாகி வேரைச் சுற்றிச் சட்டை போடும். வருகிற விஷத்தில் ஒரு பங்கை அந்தச் சட்டை வாசலிலேயே பிடித்துக்கொள்ளும். வேர் கறுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால் சட்டை போய்விட்டது என்று அர்த்தம், தண்ணீரை வடித்துக் கழனியைக் காயவிட வேண்டும்.

வங்காளத்து ஆற்றுப் படுகையில் கோடிக்கணக்கானவர்களின் அடிகுழாயில் ஆர்சனிக் வந்ததும் இந்த அடகுக் கதைதான். இமயத்திலிருந்து வண்டலோடு வந்த துருவில் ஒட்டியிருந்த ஆர்சனிக், காற்றில்லாத ஆழத்தில் துரு கரைந்ததும் தண்ணீரில் இறங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் அதைத் தண்ணீரிலிருந்து திரும்பப் பிடிக்கவும் துருவைத்தான் கூப்பிடுகிறார்கள். சென்னை ஐஐடியில் டி. பிரதீப் குழுவினர் செய்த அம்ரித் வடிகட்டியின் உள்ளே இருப்பது நைனாவின் டப்பாவில் இறங்கிய அதே ஃபெர்ரிஹைட்ரைட்தான், முதிர்ந்துவிடாமல் பக்குவமாக அடக்கி வைத்தது.

இவ்வளவு பேசினாலும் தண்ணீரைச் சோதிக்காமல் விட எனக்கு மனசு வரவில்லை. ஒரு போரில் நாலு பாறை இடுக்கிலிருந்து நாலு தண்ணீர் கலக்கும். நைனா ஒரு பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்து, இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பினார். பாட்டில் உள்சுவர் முழுக்கக் காவி. அதைத் திருப்பி அனுப்பினேன். மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் சோதித்தால் எல்லாம் சுத்தம் என்று வரும், இருக்கிற உலோகத்தையெல்லாம் சுவரில் ஒட்டிய துரு இழுத்துக்கொண்டிருக்கும். அப்புறம் நானே போய் இரண்டு பாட்டில் பிடித்தேன். மொத்தக் குரோமியத்துக்கு ஒன்று, பிடித்த கையோடு சில துளி நைட்ரிக் அமிலம் விட்டு, துரு திரளவே விடாமல். குரோமேட்டுக்கு ஒன்று, அமிலமில்லாமல், ஐஸ் பெட்டியில், அன்றைக்கே. சோதனைக்கூடத்தில் வேலை செய்யும் பழைய சிநேகிதி நாலாம் நாள் போன் செய்தாள். குரோமியம் கருவி காட்டுகிற அளவுக்குக் கீழே. இரும்பு லிட்டருக்கு 4 மில்லிகிராம்.

நைனா இப்போது மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு டிரம்மை உயர்த்தி வைத்து, பைப் வாயில் பூவாளியின் தலையை மாட்டியிருக்கிறார். தண்ணீர் மழை மாதிரிக் காற்றில் விழுந்து டிரம்மில் தேங்கும், அங்கிருந்து கூழாங்கல்லும் மணலும் போட்ட இன்னொரு டிரம் வழியாக வெளியே வரும். பனியன் வெள்ளையாகவே காய்கிறது. வாரம் ஒரு முறை முதல் டிரம்மின் அடியைத் திறந்தால் அரை பக்கெட் சேறு.

போன ஞாயிறு அதைக் கையில் தூக்கிக்கொண்டு, "இத எங்க கொட்டறது? கழனிப் பக்கம் ஊத்திடட்டுமா?" என்றார்.

"கழனியில வேணாம் நைனா. தண்ணி நின்னா மறுபடியும் கரையும். கொல்லையில, மேட்டுல கொட்டு."

"மல்லாட்டைக்குப் போட்ட சூப்பரத் தின்னுடுமே?"

நியாயமான கேள்வி. வேலியோரம் கற்றாழைக்கு அந்தப் பக்கம் கொட்டச் சொன்னேன்.